டென்னிஸ் பந்துக்கும் தோல் பந்துக்கும் நடுவே

2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நான்காவது டெஸ்ட் தொடங்கியபோது, தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர் ஒரே ஆட்டத்தில் இந்திய டெஸ்ட் அணிக்கு அறிமுகமானார்கள். ஒருவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜன், மற்றவர் சென்னையின் வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். சுந்தர் மட்டையாலும் 62 ரன் சேர்த்தார். 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்ற முதல் டெஸ்ட் அதுதான். கொண்டாட்டத்தில் அதிகம் பேசப்படாமல் போனது இருவரின் வயது. சுந்தருக்கு அப்போது 21, நடராஜனுக்கு 29. சுந்தர் 2017 டிசம்பரிலேயே, பதினெட்டு வயதில், இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டத்தில் இறங்கிவிட்டவர். அதே பதினெட்டு வயதில் நடராஜன் ஆடிக்கொண்டிருந்தது டென்னிஸ் பந்து. அவர் கைக்குத் தோல் பந்து வந்து சேர்ந்தது இருபது வயதை ஒட்டித்தான். இரண்டு பேரின் வயதை வைத்து விதி எழுதிவிட முடியாது. திறமை வேறு, உடல்வாகு வேறு, காயம் பட்ட நேரம் வேறு. ஆனால் இருவரும் வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால், திருப்பத்துக்குத் திருப்பம் ஏதோ ஒரு கிளப் நிற்கிறது. அந்த எட்டு வருட இடைவெளியில் கணிசமான பகுதி எந்தக் கிளப் யாருக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதால் விளைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். சின்னப்பம்பட்டிக்குச் சொல்வது தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்துக்கும் பெருமளவு பொருந்தும்.

சுந்தரின் வழியை முதலில் பார்க்கலாம். அவருடைய தந்தை எம். சுந்தர் திருவல்லிக்கேணியில் வளர்ந்த கிளப் ஆட்டக்காரர். ரஞ்சி அணியில் ஆடும் வாய்ப்பு அமையாதவர். வசதியில்லாத வீட்டுப் பையனான அவருக்குச் சீருடை வாங்கிக் கொடுத்து, பள்ளிக் கட்டணம் கட்டி, சைக்கிளில் மைதானத்துக்கு அழைத்துப் போனவர் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பி.டி. வாஷிங்டன். அந்த நன்றிதான் 1999இல் பிறந்த மகனுக்குப் பெயரானது. இந்தக் கதையைப் பத்திரிகைகள் பெயர்க் காரணமாக மட்டுமே எழுதி முடித்துக்கொண்டன. அதற்குள் இருப்பது ஒரு கிளப் உலகத்தின் இயக்கம். கிரிக்கெட்டால் பிழைக்காத ஒரு பெரியவர் பக்கத்துத் தெருப் பையனைக் கவனிக்கிறார். அந்தப் பையன் லீக் ஆடி, எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறான். முப்பது வருடம் கழித்து அந்த அறிவு மகனுக்குச் சொத்தாகக் கிடைக்கிறது. எந்த டிவிஷனில் எந்தக் கிளப்பில் சேரலாம், மாநிலத் தேர்வுக்கு எப்போது ஆள் எடுப்பார்கள், யாரிடம் பையனைக் காட்டினால் நேர்மையாகச் சொல்வார்கள் என்பதெல்லாம் சென்னையில் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும் தகவல்கள்.

ஆலங்குளம் சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால், திருநெல்வேலி–தென்காசி சாலையில் இருக்கிறது. (சிமென்ட் ஆலைக்குப் பெயர்பெற்ற விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் வேறு.) 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது நெல்லையிலிருந்து பிரிந்து அதோடு சேர்ந்த வட்டாரம். பீடி சுற்றும் வீடுகளும் மானாவாரிக் காடுகளும் குளத்துப் பாசன வயல்களும் கொண்ட ஊர்கள். இந்த ஊர்களில் கிரிக்கெட் மைதானம் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது கோடையில் வற்றிய குளத்தின் உட்புறமோ, அறுவடை முடிந்த வயலோ, பள்ளிக்கூடத்துப் பொட்டலோதான். ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகினால் மைதானம் காணாமல் போகும். தை பிறந்த பிறகு மெல்ல மெல்ல வெளியே வரும். பொங்கல், பங்குனி சித்திரையில் கோயில் கொடை, பள்ளி விடுமுறை ஆகியவற்றை ஒட்டி டோர்னமென்ட் அறிவிக்கும் ஃபிளக்ஸ் பேனர்கள் முளைக்கும்: நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு, கேடயம் வழங்குபவர் இன்னார், அம்பயர் தீர்ப்பே இறுதியானது. கிளப் என்றால் பெரும்பாலும் பதிவு இல்லாத, அறை இல்லாத ஓர் ஏற்பாடு. ஒரு பெயர், ஒரே நிறத்தில் அச்சடித்த டி-ஷர்ட்டுகள், ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிய இரண்டு மட்டைகள், கேப்டனாக இருக்கும் ஒரு முப்பது வயது அண்ணன், அவ்வளவுதான். பரிசுப் பணத்துக்காக வெளியூரிலிருந்து ‘கெஸ்ட்’ ஆட்டக்காரரைக் கூட்டிவரும் வழக்கம் உண்டு என்பதால் ‘அமெச்சூர்’ என்ற சொல்லை இங்கே தூய்மையான பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தே அந்தப் பாகுபாட்டை 1962 சீசனோடு கைவிட்டுவிட்டது. ஆட்டத்தால் பிழைப்பு நடத்தாதவர்கள் தாங்களே கூடி நடத்தும் அமைப்பு என்ற அளவில் சொல்லைப் புரிந்துகொண்டால் போதும்.

இந்த ஏற்பாடு ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன தருகிறது? பயிற்சி தருகிறது என்று சொல்வது பொய். அங்கே பயிற்சியாளர் கிடையாது, வலைப்பயிற்சி கிடையாது, தவறைச் சுட்டிக்காட்டும் காணொளி கிடையாது. அது தருவது பெரியவர்களோடு ஆடும் ஆட்டம்; தோற்றால் ஊர் திரும்பும் வழியெல்லாம் பேச்சுக் கேட்க வேண்டிய ஆட்டம். வயதுவாரி கிரிக்கெட்டில் பதினைந்து வயதுப் பையன் பதினைந்து வயதுப் பையனுக்குத்தான் பந்து வீசுகிறான். ஊர்க் கிளப்பில் அவனைவிடப் பதினைந்து வயது மூத்த, கட்டுமான வேலையில் தோள் இறுகிய ஓர் ஆளுக்குக் கடைசி ஓவர் போட வேண்டியிருக்கிறது. எல்லையில் பிடிக்க வேண்டிய கேட்சை விட்டால் சமாதானம் சொல்லக் கோச் இல்லை. பீல்டிங் நிறுத்துவது, யாருக்கு எத்தனை ஓவர் மிச்சம் என்று கணக்கு வைப்பது, அம்பயரோடு சண்டை முற்றாமல் ஆட்டத்தைத் தொடரவைப்பது எல்லாம் ஆடுபவர்கள் தலையில்தான் விழுகின்றன. தானாகவே முடிவெடுக்கும் பழக்கம் இப்படித்தான் படிகிறது. டான் பிராட்மேனின் வரலாற்றில் இதற்கு நேரான முன்னுதாரணம் உண்டு. பவ்ரல் என்ற சிற்றூரில் தன் மாமா ஜார்ஜ் வாட்மன் தலைமை தாங்கிய அணிக்கு ஸ்கோர் எழுதப் போன பையன், 1920இல் ஓர் ஆள் குறைந்ததால் மட்டை பிடித்தான். அப்போது பன்னிரண்டு வயது, ஆட்டமிழக்காமல் 37 ரன். சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் கிளப் அவரை எடுத்துக்கொண்டது பின்னால், 1926இல். ஆள் குறையும் கிளப்தான் சிறுவனுக்கு இடம் தரும். நகரத்துப் பெரிய கிளப்பில் ஆள் குறைவதே இல்லை.

சிற்றூரின் இந்த அனுகூலம் ஒரு தனிமனிதக் கதையோடு நின்றுவிடவில்லை. ழான் கோத்தேயும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து, பேஸ்பால், கோல்ஃப் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பிறந்த ஊர்களைக் கணக்கெடுத்தது. ஐந்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகவும், பெருநகரங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். விளையாட இடம் இருப்பது, பெரியவரும் சிறுவரும் கலந்து ஆடுவது, ஒவ்வொரு பையனுக்கும் ஆட வாய்ப்புக் கிடைப்பது ஆகியவை காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். இதை அப்படியே தென்காசிக்குக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது. அமெரிக்கச் சிற்றூரில் பள்ளிக்கு ஒரு முறையான மைதானமும் ஊருக்கு ஒரு லீகும் இருக்கும். அந்த ஆய்வு சொல்வது பாதி. சிற்றூரின் ஆட்டச் சூழல் நல்லது என்பது. மறுபாதி, அதாவது அங்கிருந்து மேலே போக ஒரு வழி ஊருக்குள்ளேயே தொடங்குகிறது என்பது அங்கே கேட்காமலே இருப்பதால் ஆய்வில் தனியாகத் தெரிவதில்லை. நம்மிடம் இல்லாதது அந்த மறுபாதி.

டென்னிஸ் பந்து ஆட்டத்தைக் கெடுக்கும் என்பது கிரிக்கெட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. விதிப்படி தோல் பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம்; டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. கனம் இல்லாத பந்து தரையில் பட்டதும் வேகம் இழந்து மேலே எழும்பி நிற்கும். ஆகவே பேட்ஸ்மேன் கால் நகர்த்தாமல், கோட்டுக்குக் குறுக்கே மட்டையைச் சுழற்றினாலும் பந்து சிக்ஸருக்குப் போகும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடுவது என்ற கலைக்கு அங்கே வேலையே இல்லை. ஆறு, எட்டு ஓவர் ஆட்டத்தில் பந்தை விட்டவனைக் கேப்டனே திட்டுவார். பந்து உடம்பில் பட்டால் வலிக்காது என்பதால் வேகத்துக்கு முன் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்ற சோதனையும் நடப்பதில்லை. இருபது வயதில் இந்தப் பழக்கங்களோடு தோல் பந்துக்கு வரும் பேட்ஸ்மேன் பலர் ஒரு சீசன்கூடத் தாங்குவதில்லை. தமிழ்நாட்டின் டென்னிஸ் பந்து மைதானங்களிலிருந்து மேலே வந்து பேர் வாங்கியவர்கள் பெரும்பாலும் பந்துவீச்சாளர்களாக இருப்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

ஏனென்றால் பந்துவீச்சில் கணக்கு நேர்மாறு. தையல் இல்லை, ஸ்விங் நம்பும்படி இல்லை, குட்டையாகப் போட்டால் பந்து அடிக்க வசதியாக எழும்பி நிற்கும் என்ற நிலையில், டென்னிஸ் பந்து வீச்சாளனுக்கு மிஞ்சுவது ஒரே இடம், மட்டையின் அடி. நடராஜனின் யார்க்கர் இந்த நெருக்கடியில் பிறந்தது. 2020 ஐபிஎல்லில் உலகின் தேர்ந்த பேட்ஸ்மேன்களின் காலடியில் ஓவருக்கு ஓவர் அந்தப் பந்தைப் போட்டபோது வர்ணனையாளர்கள் வியந்தார்கள். சின்னப்பம்பட்டியில் அது பிழைத்திருப்பதற்கான குறைந்தபட்சத் தேவை. அஸ்வின் கையில் பிரபலமான விரல் சுண்டிப் போடும் பந்தும் சென்னைத் தெருக்களில் ‘சொடக்கு’ பாலாக இருந்ததுதான்; இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 2008இல் அதை உலகுக்குக் காட்டும் முன்பே டென்னிஸ் பந்து ஆடுபவர்கள் அதை அறிந்திருந்தார்கள். தென்காசிப் பக்கம் இன்னொரு ஆசிரியரும் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இறங்கும் காற்று, குற்றாலத்துக்குச் சாரலையும் இந்தச் சமவெளியின் காற்றாலைகளுக்குச் சுழற்சியையும் தருவது, அறுபது கிராம்கூட இல்லாத பந்தைக் கண்முன்னே தள்ளிக்கொண்டு போகும். எதிர்க்காற்றில் எங்கே விட்டால் எங்கே விழும் என்று மனக்கணக்குப் போடாமல் அங்கே ஒரு ஓவரை முடிக்க முடியாது. இதை எந்த அகாடமியும் பாடத்திட்டத்தில் வைக்க இயலாது.

குற்றச்சாட்டின் கூரிய முனை நடராஜனையே குத்தியது. 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக்கு அறிமுகமானவுடன் அவருடைய பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளானது. முழங்கை வளைவு அனுமதிக்கப்பட்ட 15 டிகிரியைத் தாண்டுகிறதோ என்ற கேள்வி. லேசான பந்துக்கு வேகம் ஏற்ற முழங்கையை உதறும் பழக்கம் டென்னிஸ் பந்து வீச்சாளரிடம் படிவது இயல்பு, ஊர்க் கிளப்பில் அதைச் சொல்ல ஆளும் இல்லை. ஏறக்குறைய ஒரு வருடம் அவர் தன் கையைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. சுனில் சுப்பிரமணியம் போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் உதவினார்கள். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கியபோது திண்டுக்கல் அணிக்காக அவர் திரும்பி வந்தார். இதைக் கிளப் கிரிக்கெட்டுக்கு எதிரான சாட்சியாக வைப்பவர்கள் காலத்தைக் கவனிக்கவில்லை. பல வருடம் படிந்த குறை, தெரிந்தவர் கண்ணில் பட்டதும் சுமார் ஒரே வருடத்தில் சரியானது. பதினேழு வயதில் பட்டிருந்தால்? குறை ஊர்க் கிளப்பில் தொடங்கியது உண்மை. அது இருபத்துமூன்று வயதுவரை நீடித்தது ஊர்க் கிளப்புக்கும் லீக் கிளப்புக்கும் நடுவே ஒன்றுமே இல்லாததால்.

அந்த நடுவெளியை நடராஜன் எப்படித் தாண்டினார் என்பதில்தான் இந்த வாதத்தின் மையம் இருக்கிறது. டென்னிஸ் பந்துப் போட்டிகளில் அவரைக் கவனித்த அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். ஐபிஎல் சட்டை முதுகில் ‘ஜேபி நட்டு’ என்று அவர் போட்டுக்கொண்டது அந்த மனிதருக்காகத்தான். சென்னையில் அவர் நுழைந்தது நான்காம் டிவிஷன், பிஎஸ்என்எல் அணி. பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ், பிறகு மாநில அணி. 14 வயதுக்குட்பட்டோர், 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று எலும்பு வயதுப் பரிசோதனைவரை நுணுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும் வயதுவாரி அமைப்பு அவரைப் பார்க்கவே இல்லை. பார்க்கவும் முடியாது, இந்த மூன்று கதவுகளும் பத்தொன்பதுக்குள் மூடிவிடுகின்றன. வயது கேட்காமல் திறந்திருந்த ஒரே கதவு கிளப் லீக். நடராஜனைப் போலவே 1991இல் பிறந்த வருண் சக்ரவர்த்தியும் இதற்குச் சாட்சி. பள்ளி நாளில் விக்கெட் கீப்பர், தேர்வுகளில் தொடர்ந்து ஒதுக்கப்பட்டவர், ஆட்டத்தை விட்டுக் கட்டடக்கலை படிக்கப் போனவர், வேலையை விட்டுத் திரும்பி வந்து முழங்காலில் அடிபட்டு, வேகப்பந்திலிருந்து சுழலுக்கு மாறியவர். அந்த விநோதமான சுழல் உருவான இடம் சென்னை நான்காம் டிவிஷனின் ஜூபிலி கிளப். இருபத்தைந்து வயதில் புதிதாக ஒரு கலையைக் கற்க முயல்பவனை எந்த அகாடமி சேர்க்கும்? சேர்த்தாலும் ஆட்டம் யார் தருவார்கள்? முன்கூட்டியே திறமையைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட அமைப்புகளுக்குத் தவறு நேரும்போது அதைத் திருத்தும் இடமாகக் கிளப் லீக் இருக்கிறது. இதைவிடப் பெரிய பயன் அதற்கு வேறு வேண்டியதில்லை என்பேன்.

சென்னையில் இந்தக் கதவு தானாக முளைக்கவில்லை. 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியருக்கு இடம் இல்லாததால் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார்; இளைஞர்களைத் திரட்டித் தன் செலவில் கருவிகள் வாங்கிக் கொடுத்தார். அவர் ஏற்பாடு செய்த ஐரோப்பியர்–இந்தியர் பிரசிடென்சி ஆட்டம் 1908இல் நடக்கும் முன்பே இறந்தும் போனார். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் கிளப்புகள் பெருகி, லீகாகித் திரண்டு, டிவிஷன் டிவிஷனாக அடுக்கப்பட்டு, வங்கிகளும் கம்பெனிகளும் அணி நடத்தி வேலையும் கொடுத்தன. இன்று முதல் டிவிஷன் ஆட்டக்காரனை அமெச்சூர் என்பது உபசார வார்த்தை. ஆனால் கீழ் டிவிஷன்களில் ஞாயிற்றுக்கிழமை கிட் பையைத் தூக்கிக்கொண்டு போகும் வங்கி குமாஸ்தாவும் கல்லூரி மாணவனும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் நடராஜனுக்கும் வருணுக்கும் எதிரணி இல்லை.

நெல்லைச் சீமைக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்து சங்கர் நகரில் இந்தியா சிமென்ட்ஸ் வளர்த்த மைதானம் 2016 முதல் டிஎன்பிஎல் ஆட்டங்களைப் பார்த்திருக்கிறது. நெல்லையின் பெயரில் அணியும் உண்டு. ஆலங்குளத்துப் பையன் பஸ் ஏறிப் போய் மின்விளக்கில் அந்த ஆட்டத்தைப் பார்க்க முடியும். பார்த்துவிட்டு அவன் திரும்புவது மேடும் பள்ளமுமான குளத்துக்குத்தான். உச்சியும் அடியும் கண்ணுக்குத் தெரிகின்றன. நடுவில் தோல் பந்து, மேட் விரித்த பிட்ச், முழு நாள் ஆட்டம், வாராவாரம் எதிரணி என்ற படி அவன் பக்கத்தில் இல்லை. மாவட்ட லீக் திருநெல்வேலியைச் சுற்றி நடக்கும்போது ஆலங்குளத்துப் பையனுக்கு ஒவ்வொரு ஞாயிறும் போக்குவரத்து, சாப்பாடு, உடை என்று செலவு வைக்கிறது. நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டை ஒன்றின் விலை பீடி சுற்றும் பெண் ஒருவரின் மாத வருமானத்தைத் தாண்டிவிடும். கால்காப்பு, கையுறை, ஹெல்மெட் தனி. இந்த இடத்தில்தான் கிளப் என்பதன் பொருளாதாரம் புரியும்: பதினைந்து பேருக்கு ஒரு கிட் பை. தனி ஆளாக வாங்க முடியாததைக் கூட்டாக வாங்குவதற்குப் பெயர்தான் கிளப்.

அகாடமிகள் பெருகிவிட்டனவே, அவை போதாதா என்று கேட்கலாம். மாதக் கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு அவை உதவுகின்றன, மறுக்கவில்லை. வலையில் ஒரு மாலையில் நூறு பந்து ஆடலாம். ஊர் ஆட்டத்தில் பத்துப் பந்துகூடக் கிடைக்காது. ஆனால் வலையில் அவுட் ஆனவன் அடுத்த பந்தையும் ஆடுகிறான். அவுட் ஆனால் மரத்தடியில் உட்கார வேண்டும் என்ற நிலையில் எடுக்கும் முடிவும் வலையில் எடுக்கும் முடிவும் ஒன்றல்ல. தவிர, கட்டணம் வாங்கும் இடம் பெற்றோரைத் திருப்திப்படுத்த வேண்டும். எல்லாப் பையனுக்கும் எதிர்காலம் உண்டு என்று சொல்லாமல் அது நடக்காது. கிளப் யாருக்கும் எதையும் வாக்களிப்பதில்லை. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. அகாடமியில் கற்றதை ஆடிப் பார்க்கவும் ஓர் ஊர் லீக் வேண்டும்.

இதையெல்லாம்விடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. தென்மாவட்டங்களில் கிளப் என்பது பல இடங்களில் தெருவின் மறுபெயர். தெரு என்பது சாதியின் மறுபெயர். டீமின் பெயரைக் கேட்டாலே எந்தப் பக்கத்துப் பையன்கள் என்று ஊருக்குத் தெரியும். டோர்னமென்டில் தொடங்கிய தகராறு ஊர்த் தகராறாக வளர்ந்து போலீஸ் நிற்கும் நிலையும் வருவதுண்டு. சுசீந்திரனின் ‘ஜீவா’ (2014) தேர்வு மேசையில் நடக்கும் பாரபட்சத்தைப் பேசியது என்றால், தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024) ஊர் டீமுக்குள்ளேயே நடப்பதைப் பேசியது; பார்த்தவர்கள் மிகைப்படுத்தல் என்று சொல்லவில்லை. அப்படியானால் கிளப்பைப் போற்றுவது தெருவைப் போற்றுவதாகாதா? இதற்கு எளிய பதில் இல்லை. பல்வங்கர் பாலூவின் கதை பாதிப் பதிலைத் தரும். புனேயில் மைதான வேலைக்காரராக இருந்த தலித் பந்துவீச்சாளரை இந்து கிளப் எடுத்துக்கொண்டது ஜெயிப்பதற்காக. தேநீரைத் தனியாக வெளியே வைத்துக் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த அவரை யாரும் இந்து அணியின் தலைவராக்கவில்லை. அந்தத் தலைமை 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. ஜெயிக்கும் ஆசை கதவைத் திறக்கும். உள்ளே சமமாக உட்காரவைக்க அது மட்டும் போதாது. ஆகவே கிளப்புகளைத் தம் போக்கில் விட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரு டீம்கள் மட்டுமே இருக்கும் ஊரில் தெருவைத் தாண்ட வழியே கிடையாது. ஊருக்கு ஓர் அணி என்று பதிவு செய்யும், ஆட்டக்காரர் பட்டியலை முன்கூட்டியே வாங்கும், நடுநிலையான அம்பயரை அனுப்பும் ஒரு லீக் வந்தால், பதினொரு நல்ல ஆட்டக்காரர்களுக்காகக் கேப்டன் அடுத்த தெருவுக்குப் போயாக வேண்டும். விதி கட்டாயப்படுத்துவதை ஆசை பிறகு வழக்கமாக்கக்கூடும்.

இதெல்லாம் சிற்றூருக்கு ஆகாத காரியம் என்பவர்கள் கோவில்பட்டியைப் பார்க்கலாம். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரில் ஹாக்கி தலைமுறைகளாக ஊர்க் கிளப்புகளால் ஆடப்பட்டது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி வெளிமாநில அணிகளை ஊருக்கே அழைத்து வந்தது. அதன்மேல் அரசு விளையாட்டு விடுதியையும் செயற்கைப் புல் மைதானத்தையும் வைத்தது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். கிளப்பும் போட்டியும் முன்னால் இருந்தன, வசதி பின்னால் வந்தது. வசதி வந்தபோது அதைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்கள் ஏற்கெனவே தெருவில் இருந்தார்கள். நம் அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் கருவியோடு நின்றுவிடுகின்றன. 2024இல் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டுக் கருவிகள் அறிவிக்கப்பட்டன, நல்லதுதான். மட்டையும் பந்தும் கிடைத்த ஊருக்கு அடுத்த ஞாயிறு யாரோடு ஆடுவது என்ற கேள்விக்குப் பெட்டியில் பதில் இல்லை. சின்னப்பம்பட்டியில் அந்தப் பதிலை ஆட்டக்காரரே தேட வேண்டியிருந்தது. நடராஜன் போன வழியிலேயே அதே ஊரின் ஜி. பெரியசாமி போய், 2019 டிஎன்பிஎல்லில் அதிக விக்கெட் எடுத்தார்; 2023இல் நடராஜன் சொந்த ஊரில் மைதானமே திறந்தார். ஒருவர் தாண்டிய வழி இரண்டாமவருக்குத் தெரிந்திருந்தது. வழி தெரிந்திருப்பது பாதி தூரம்.

ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், சுரண்டை, தென்காசி என்று பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்களுக்கு இடையே எட்டு அணிகள் கொண்ட தோல் பந்து லீக் ஒன்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. குளம் நிரம்பினாலும் மூழ்காத இரண்டு இடங்களில் சிமென்ட் பிட்ச், மேல் விரிக்க மேட், அணிக்கு ஒரு கிட் பை, பயிற்சி பெற்ற அம்பயர்கள் சிலர். டென்னிஸ் பந்துப் போட்டிகளை நிறுத்த வேண்டியதில்லை; கொடைக்கால டோர்னமென்ட் அதன் போக்கில் நடக்கட்டும். லீகில் ஆடும் ஒவ்வோர் அணியும் பதினெட்டு வயதுக்குட்பட்ட இருவரைக் கட்டாயம் ஆடவைக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால், நடராஜனுக்கு இருபதில் கிடைத்தது இங்கே பதினாறில் கிடைக்கும். வயது முதிர்ந்து வருபவனுக்கும் கதவு மூடாது. எத்தனை பேர் மாநில அணிக்குப் போவார்கள் என்று கேட்டால், அநேகமாக யாரும் போகமாட்டார்கள் என்பதே நேர்மையான பதில். அந்த அளவுகோலில் சென்னையின் கீழ் டிவிஷன் கிளப்புகளும் தோல்விதான். ஆனால் மேலே போகும் ஒருவன் யார் என்று முன்கூட்டித் தெரியாதவரை, போகாதவர்களோடு சேர்த்துத்தான் அவனை வளர்க்க முடியும்.

இவ்வளவும் ஆண்பிள்ளைகளுக்கு. பெண்களுக்கு முதல் படியே கிடையாது. குளத்துக்குள் டென்னிஸ் பந்து ஆடும் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. 2025 ஜனவரி–பிப்ரவரியில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வென்ற இந்திய மகளிர் அணியில் இருந்த ஜி. கமலினி மதுரைக்காரர், அவர் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்த பிறகுதான் அவருக்கு வழி திறந்தது. மதுரைக்கே அந்த நிலை என்றால் ஆலங்குளத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களுக்கு ஊர்க் கிளப்பிலிருந்து லீகுக்குப் போகும் வரிசை, பெண்களுக்குத் தலைகீழாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும்: முதலில் பள்ளியைச் சார்ந்த தோல் பந்து அணி, அதிலிருந்து கிளப். மேட் ஒன்று விரிக்கப்படுமானால் அதைச் சனிக்கிழமை காலைகளில் அவர்களுக்கு ஒதுக்குவதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை.